சிகுகோ ஆறும் ஒரு சாய்ஞ்ச அணையும்

கூகுள் மேப்பைத் திறந்து ஜப்பானோட கியூஷு தீவுக்குப் போங்க. அதுல ஃபுகுவோகா மாகாணம், அதுக்குள்ள அசகுரா என்கிற சின்ன நகரம். ஊருக்குத் தெற்கே மேற்கு நோக்கி ஓடுற பெரிய ஆறுதான் சிகுகோ. சாட்டிலைட் படத்துல ஆற்றோட கூடவே நகர்ந்து போனீங்கன்னா ஒரு இடத்துல தண்ணிக்கு நடுவுல பெரிய கல் பாய் விரிச்ச மாதிரி ஒண்ணு தெரியும். முதல் தடவை பார்க்கும்போது எதோ உடைஞ்சு கிடக்கிற அணை போலன்னு தோணும். கரையிலிருந்து கரைக்கு நேராப் போகாம ஆற்றைச் சாய்வா வெட்டிக்கிட்டு, நடுவுல ரெண்டு மூணு இடத்துல பிளந்துக்கிட்டு, ஒரு ஒழுங்கே இல்லாத மாதிரி கிடக்கும்.

உடையல. அது அப்படித்தான் கட்டப்பட்டது. 1790-ல். பேர் யமடா அணை. இன்னிக்கும் அந்த அணையிலிருந்து திரும்புற தண்ணியிலதான் அங்கே நெல் விளையுது.

இந்தப் பதிவு அந்த அணை, அதிலிருந்து பிரியுற ஹோரிகவா கால்வாய், அந்தக் கால்வாயில சுத்துற மரச் சக்கரங்கள் பத்தி. கொஞ்சம் நீளமான பதிவு. ஆபீஸ்ல ஆணி அதிகமா இருந்தா சாயங்காலம் வந்து படிங்க.

முதல்ல ஆற்றைப் பத்திக் கொஞ்சம். சிகுகோவோட நீளம் வெறும் 143 கிலோமீட்டர். நம்ம கணக்குல இது ஒரு ஆறே இல்லைன்னு தோணலாம். ஆனா கியூஷு தீவுல இதுதான் பெரிசு. ஆசோ, குஜு எரிமலைப் பக்கத்துல இருந்து இறங்கி வந்து அரியாகே கடல்ல கலக்குது. மலைக்கும் கடலுக்கும் நடுவுல தூரம் கம்மி, சரிவு அதிகம். அதனால மழை பெஞ்சா வெறி பிடிச்ச மாதிரி வரும், மழை நின்னா சட்டுன்னு வடிஞ்சிடும். ஜப்பான்காரங்க அடங்காத ஆறுகள் மூணை அண்ணன் தம்பிகளா வெச்சுப் பேர் சொல்வாங்க. மூத்தவன் டோக்கியோ பக்கத்து டோனே, கடைக்குட்டி ஷிகோகு தீவோட யொஷினோ. நடுப்பையன் நம்ம சிகுகோ. 'சுகுஷி ஜிரோ'ன்னு செல்லப் பேர். ஜிரோன்னா ரெண்டாவது பையன். வீட்டுல ரெண்டாவது பிள்ளைதான் வாலு என்கிறது எல்லா ஊருக்கும் பொது போல :-)

இப்படிப்பட்ட ஆறு பக்கத்துலயே ஓடினாலும் கரையோர ஊர்களுக்கு அது உதவல. ஆறு பள்ளத்துல, நிலம் மேட்டுல. கண்ணெதிரே தண்ணி ஓடும், வயல்ல வெடிப்பு விடும். 1662, 1663-ல் அந்தப் பகுதியில பெரிய வறட்சி வந்தது. இந்த இடத்துல ஆற்றோட வடகரை ஃபுகுவோகா சிற்றரசுக்குச் சொந்தம் (குரோடா வம்சம்), தென்கரை குருமே சிற்றரசுக்குச் சொந்தம். ஒரே ஆறு, ஒரே வறட்சி, ரெண்டு அரசாங்கம். ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நேரத்துல கால்வாய் வெட்ட ஆரம்பிச்சாங்க.

தென்கரை கதையை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா அதை விட மனசு வரல. இன்னிக்கு உகிஹான்னு சொல்ற பகுதி. அங்கே அஞ்சு கிராமத்துத் தலைவர்கள் ஒண்ணு சேர்ந்து, ஆற்றுல இருந்து கால்வாய் வெட்ட அனுமதி கேட்டு 1663-ல் குருமே அரசுக்கு மனு போட்டாங்க. 'ஷோயா'ன்னு பேர் அந்தப் பதவிக்கு. வரி வசூல், ஊர்ப் பஞ்சாயத்து எல்லாம் அவங்க பொறுப்பு, நம்ம பக்கத்து மணியக்காரர் மாதிரி. அக்கம்பக்கத்து ஊர்த் தலைவர்களே எதிர்த்தாங்க. வெள்ளத்துல ஆறு கால்வாய்க்குள்ள புகுந்து எங்க ஊரை அடிச்சிட்டுப் போனா யார் பொறுப்புன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அந்த அஞ்சு பேரும், தப்பாப் போனா எங்க உயிர் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க. அரசாங்கம் அதை அப்படியே பிடிச்சுக்கிச்சு. 1664 தொடக்கத்துல வேலை ஆரம்பிச்சப்போ தோண்டுற இடத்துலயே அஞ்சு சிலுவை மரங்களை நட்டு வெச்சாங்க. தண்ணி வராட்டி அஞ்சு பேரையும் அதுல அறைஞ்சு கொல்றதுன்னு முடிவு.

யோசிச்சுப் பாருங்க. நமக்கெல்லாம் ரிலீஸ் தேதி தள்ளிப்போனா மேனேஜர் ஒரு மெயில் போடுவார், அதுக்கே ரெண்டு நாள் தூக்கம் வராது. அங்கே தினமும் மண் சுமக்கிறவங்க கண்ணு முன்னாடி அஞ்சு கம்பம் நிக்குது. நம்ம தலைவருங்க சாகக்கூடாதுன்னே ஊர் சனம் ராப்பகலா உழைச்சதா அந்தப் பகுதியில சொல்றாங்க. ரெண்டு மாசம் போல ஆச்சு, தண்ணி வந்தது. யாரும் சாகல. பத்து வருஷம் கழிச்சு 1674-ல் ஆற்றுக்குக் குறுக்கே ஓய்ஷி அணையும் கட்டினாங்க. அந்த அஞ்சு பேருக்கும் பிற்காலத்துல கோயில் வெச்சுட்டாங்க.

வடகரையில இவ்வளவு நாடகம் இல்லை. 1663-லயே ஹோரிகவா கால்வாய் ஓட ஆரம்பிச்சது. சுமார் 150 ஹெக்டேர் புதுசா வயலாச்சு. கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நான் இந்தப் பதிவே எழுதியிருக்க மாட்டேன். வேலை பார்க்கிற மாதிரி கட்டிடலாம், பார்த்துக்கிட்டே இருக்கிற மாதிரி கட்டறதுதான் கஷ்டம். நாம மென்பொருள்ல தினம் பார்க்கிற பிரச்சனைதான்.

ஹோரிகவாவுக்கு வந்த பிரச்சனை மணல். கால்வாய்க்குத் தண்ணி எடுக்கிற தலைமதகுல வண்டல் சேர்ந்து அடைச்சுக்கும். ஆறு ஒவ்வொரு வெள்ளத்துக்கும் தன் போக்கைக் கொஞ்சம் மாத்திக்கும். தூர் வாரி வாரி ஓய்ஞ்சுபோய், கடைசியில 1722-ல் தலைமதகையே இடம் மாத்தினாங்க. ஆறு ஒரு பாறைக்குன்று மேல மோதித் திரும்புற இடத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தப் பாறையையே குடைஞ்சு மதகு வெச்சாங்க. ஆறு திரும்புற இடத்துல வெளிவளைவுல ஆழம் இருக்கும், மணல் சேராது. பாறையா இருக்கிறதால வெள்ளம் வந்தாலும் மதகு பெயராது. அந்தக் காலத்துல வெடிமருந்து வெச்சா பாறையை உடைச்சாங்க? உளியும் சுத்தியும்தான். இன்னிக்கும் தண்ணி அந்தக் குடைவு வழியாத்தான் போகுது. மதகுக்கு மேலேயே நீர்த்தெய்வத்துக்கு ஒரு கோயில் இருக்கு.

இப்போ நம்ம ஹீரோ வர்றார். கோகா ஹியக்கோ. 1718-ல் பிறந்தவர், அதே பகுதியில ஷிமோ ஓபா கிராமத்துத் தலைவர். இவர் ஊர் கால்வாய் நல்லா எட்டாத பக்கம். 1759-ல் ஆரம்பிச்சு அஞ்சாறு வருஷம் கால்வாயை அகலப்படுத்தறது, பாறை மதகைப் பெரிசாக்கறதுன்னு வேலை பார்த்தார். பாசனப் பரப்பு 370 ஹெக்டேர் வரைக்கும் போச்சு. ஆனா ஓட்டையைப் பெரிசாக்கினா மட்டும் போதுமா? ஆற்றுல மட்டம் குறையுற காலத்துல எவ்வளவு பெரிய வாசல் வெச்சாலும் தண்ணி உள்ளே வராது. ஆற்றோட மட்டத்தையே உயர்த்தணும். அதுக்கு ஆற்றுக்குக் குறுக்கே முழுசா அணை வேணும். வெறி பிடிச்ச ரெண்டாவது பையனுக்குக் குறுக்கே!

அதை அவர் செஞ்சு முடிச்சது 1790-ல். அப்போ அவருக்கு வயசு 72. பெரும்பாறைகளைக் கொண்டுவந்து ஆற்றுப் படுகையில் இறக்கி, இடுக்குல சின்னக் கல்லுங்களை அடைச்சு, 25,370 சதுர மீட்டருக்குக் கல் பரப்பினாங்க. நம்ம கணக்குல ஆறேகால் ஏக்கர். பாசனம் 487 ஹெக்டேர் ஆச்சு. எட்டு வருஷம் கழிச்சு 1798-ல் ஹியக்கோ இறந்துபோனார். தான் கட்டினதை எட்டு வெள்ளக்காலம் பார்த்துட்டுத்தான் போயிருக்கார்.

இப்போ கொஞ்சம் இஞ்சினியரிங். பிடிக்காதவங்க ரெண்டு பத்தி தாண்டிப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன்.

அணையை ஏன் சாய்ச்சுக் கட்டணும்? ஒரு சுவர் மேல வழியுற தண்ணிக்கு ஒரு சூத்திரம் உண்டு. காலேஜ்ல ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பர்ல எழுதியிருப்போம், பரீட்சை முடிஞ்சதும் மறந்திருப்போம். வழியுற தண்ணியோட அளவு சுவரோட நீளத்தையும், மேல நிக்கிற தண்ணியோட உயரத்தில் ஒன்றரை அடுக்கையும் பொறுத்தது. அதே வெள்ளம் வருதுன்னு வெச்சுக்குவோம். சுவரை ரெண்டு மடங்கு நீளமாக்கினா, மேல நிக்கிற தண்ணியோட உயரம் 63 சதவீதமாக் குறையும். ஆற்றோட அகலம் மாறாது, ஆனா சாய்வாக் கட்டினா அதே ஆற்றுக்குள்ள நீளமான சுவர் கிடைக்கும். வெள்ளம் வரும்போது மேல்பக்கம் மட்டம் ரொம்ப ஏறாது, ஒவ்வொரு கல் மேலயும் விழுற அடியும் குறையும். தண்ணி கம்மியா இருக்கிற காலத்துல அதே சாய்வு ஒரு கை மாதிரி தண்ணியை அணைச்சுக் கொண்டுவந்து மதகு வாசல்ல விடும். இன்னொண்ணு, இது செங்குத்தான சுவர் கிடையாது. கீழ்ப்பக்கம் மெதுவாச் சரிஞ்சு போற கல் தரை. சுவர் மேல இருந்து தண்ணி குதிச்சா அடியில பள்ளம் பறிக்கும், பள்ளம் பெரிசானா சுவர் சரியும். தரையா இருந்தா தண்ணி உருண்டு உருண்டு வேகத்தைத் தொலைச்சிட்டுத்தான் கீழே போகும்.

அந்தப் பிளவுகள்? மூணு இருக்கு. தெற்குப் பக்கம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு, இந்த ரெண்டும் படகு போற வழி. அந்தக் காலத்துல மேல இருந்து சரக்கும் மரக்கட்டையும் ஆற்று வழியாத்தான் கீழே போகும். பாசனத்துக்காக ஆற்றை மூடினா படகுக்காரன் பிழைப்பு போயிடும். மீனும் மேலே ஏறணும். மூணாவது பிளவு மதகு வாசலுக்குப் பக்கத்துல, அது மணற்போக்கி. கால்வாய்க்குள்ள போகப் பார்க்கிற மணலை இழுத்துக்கிட்டு அந்த வழியா ஆற்றுக்கே திரும்பப் போயிடும். 1722-க்கு முன்னாடி அறுபது வருஷம் பட்ட பாட்டுக்கு இதுதான் பதில். விவசாயி, படகுக்காரன், மீன், மணல்னு நாலு பேருக்கும் வழி விட்டுட்டு வெள்ளத்தையும் தாங்கணும். தேவைகள் பட்டியலை வாசிச்சாலே தலை சுத்துது. இந்த வகைக் கல் அணைகள்ல ஜப்பான்ல மிச்சம் இருக்கிறது இது ஒண்ணுதான்னு சொல்றாங்க.

கல்லணையை விட்டுட்டு ஜப்பானுக்கு ஏன் ஓடறேன்னு பின்னூட்டத்துல வந்து நிக்கப் போறவங்களுக்கு: கல்லணையைப் பத்தி எழுதறதுக்கு என்னை விட விஷயம் தெரிஞ்சவங்க நிறைய இருக்காங்க. இந்தக் கதை தமிழ்ல கண்ணுல படல, அதான்.

சரி, சக்கரங்களுக்கு வருவோம். கால்வாய் ஓடுற மட்டத்தை விட உயரமா கொஞ்சம் நிலம் இருந்தது. அவங்க வீட்டு வாசல்ல கால்வாய் ஓடும், வயலுக்கு ஏறாது. அதுக்குத்தான் நீர்ச்சக்கரம். கால்வாய்த் தண்ணியோட வேகமே சக்கரத்தைச் சுத்தும். சக்கரத்தோட விளிம்புல மரப்பெட்டிகள் இருக்கும், அதுங்க கீழே வரும்போது தண்ணியை மொண்டுக்கிட்டு மேலே போய் ஒரு மரத்தொட்டியில கொட்டும். அங்கிருந்து வாய்க்கால் வழியா வயலுக்குப் போகும். நம்ம ஏற்றத்துக்கு ஆள் வேணும், கமலைக்கு மாடு வேணும். இதுக்கு எதுவும் வேண்டாம், ராத்திரியும் ஓடும். ஹிஷினோ என்கிற இடத்துல முதல்ல ரெண்டு சக்கரம் இருந்தது, 1789-ல் மூணாவது சேர்ந்தது. மிஷிமாவிலும் ஹிசஷிகேவிலும் ரெண்டு ரெண்டு. மொத்தம் ஏழு சக்கரம், 35 ஹெக்டேர்.

கம்பெனி புண்ணியத்துல ஃபுகுவோகாவில் ரெண்டு மாசம் ஆன்சைட் இருந்தப்போ ஒரு சனிக்கிழமை ஹிஷினோ போனேன். அமகி வரைக்கும் ரயில், அப்புறம் பஸ். இறங்கினதும் கண்ணை விட காதுதான் முதல்ல வேலை செஞ்சது. கிரீச் கிரீச்னு மர அச்சு முனகற சத்தமும், தொட்டியில தண்ணி விழுற சத்தமும். மூணும் ஒரே அளவு இல்லை. முதல் சக்கரத்தோட விட்டம் 4.8 மீட்டர் போல, மூணாவது 4 மீட்டர் போல. அதனால மூணும் வேற வேற வேகத்துல சுத்தும். மேலே போற தண்ணியில பாதி ஒழுகி வழியில கொட்டுது. ஒரு கணம் 'எவ்வளவு வேஸ்ட்'னு தோணிச்சு. அப்புறம்தான் உறைச்சது, ஒழுகறது திரும்பக் கால்வாய்லயேதான் விழுது, அடுத்த சக்கரம் எடுத்துக்கும். பக்கத்துல சினிமா செட்டிங் மாதிரி ஒண்ணும் இல்லை. ரோடு, சில வீடு, எதிர்ல பச்சைப் பயிர். ஒரு தாத்தா சைக்கிளை நிறுத்தி, மதகுல மாட்டியிருந்த செடி கொடியைக் கம்பால தள்ளிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையைக் குனிஞ்சிட்டுப் போனார். எனக்குத் தெரிஞ்ச ஜப்பானிய மொழியில நானும் குனிஞ்சேன்.

1990-ல் இந்தக் கால்வாயையும் சக்கரங்களையும் தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சாங்க. வரலாற்றுச் சின்னம்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? கம்பி வேலி, நீலப் பலகை, தொட்டால் அபராதம். இங்கே சின்னமும் ஆச்சு, வேலையும் நிக்கல. சக்கரம் மரம்தானே, தண்ணியில ஊறி இத்துப்போகும். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுசு செஞ்சு மாட்டறாங்க. ஆக, 1789-ல் இருந்த மரத்துல ஒரு துண்டு கூட இப்போ இல்லை. இது பழசா புதுசான்னு வாதம் பண்ணலாம். என் கட்சி, பழசுதான். செய்யத் தெரிஞ்ச தச்சர் இருக்கிற வரைக்கும் சக்கரம் இருக்கும். அஞ்சு வருஷக் கணக்கு வெச்சதால தச்சருக்கும் கை மறக்காது.

அணையும் மதகும் அந்தப் பகுதி விவசாயிகளோட நில மேம்பாட்டுச் சங்கத்தோட பொறுப்பு. 1949-ல் வந்த நில மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அமைஞ்ச சங்கங்கள் இவை. பாசனம் பெறுற விவசாயிங்களே உறுப்பினர், அவங்களே பணம் கட்டிப் பராமரிக்கணும். நாம குடிமராமத்துன்னு சொல்வோமே, அதைச் சட்டமாக்கின மாதிரி. வருஷா வருஷம் ஜூன் 17-ல் மதகு திறக்கிற சடங்கு. நீர்த்தெய்வத்துக்கு பூஜை போட்டுட்டுத் திறப்பாங்க, சக்கரங்களும் சுத்த ஆரம்பிக்கும். அதுவரைக்கும் வயல்ல குளிர்காலக் கோதுமை, பார்லி எல்லாம் நின்னு அறுவடை ஆகியிருக்கும், உடனே நடவு. அக்டோபர் நடுவுல சக்கரத்தை நிறுத்திடுவாங்க. இப்போ ஆயக்கட்டு 650 ஹெக்டேருக்கு மேல. ஹியக்கோ விட்டுட்டுப் போனதை விட அதிகம்.

அணை அப்படியே 1790-ல் வெச்ச மாதிரி இருக்குன்னு சொன்னா அது டூரிஸ்ட் புத்தகப் பொய். வெள்ளம் பல தடவை பிச்சுப் போட்டிருக்கு, திரும்ப அடுக்கியிருக்காங்க. இப்போ கல் இடுக்குல சிமெண்ட் போட்டுப் பூசியிருக்கு. சிலருக்கு இதுல வருத்தம். எனக்கு இல்லை. கீழே அறுநூறு ஹெக்டேர் காத்துக்கிட்டிருக்கும்போது, 'தூய்மை கெட்டுப்போச்சு'ன்னு கவலைப்பட அந்த விவசாயிக்கு நேரம் இருக்காது.

2017 ஜூலை 5-ம் தேதி என்ன நடந்ததுன்னு சொன்னா புரியும். அன்னிக்கு அசகுரா மலைப்பக்கத்துல மேகக்கூட்டம் ஒரே வரிசையா நகராம நின்னு கொட்டிச்சு. 24 மணி நேரத்துல 545 மில்லிமீட்டர். மலைச்சரிவெல்லாம் சரிஞ்சு, நட்டு வெச்ச மரங்கள் வேரோட சேத்துல மிதந்து வந்து பாலங்கள்ல சிக்கி, தண்ணி ஊருக்குள்ள புகுந்தது. வந்து சேர்ந்த மரம் மட்டும் 2 லட்சம் கன மீட்டருக்கு மேலன்னு கணக்கு. அந்த மழையில செத்தவங்க நாற்பது பேர் அளவுக்கு, பெரும்பாலும் அசகுராக்காரங்க. கால்வாயில மண்ணும் மரமும் அடைச்சு சக்கரங்கள் நின்னுபோச்சு. நடவு முடிஞ்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்தது. வீடு இழந்தவங்க ஒரு பக்கம், முளைச்ச பயிர் ஒரு பக்கம். அந்த ஆகஸ்ட்டுலயே மண்ணை அள்ளி ஹிஷினோவோட மூணு சக்கரத்தையும் திரும்பச் சுத்த வெச்சுட்டாங்க. பயிருக்குத் தண்ணி வேணும், அது முதல் காரணம். அதோட, பக்கத்து மனுஷங்களைப் பறிகொடுத்த ஊருக்கு அந்தச் சத்தம் திரும்பக் கேட்கிறதும் தேவையா இருந்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

இதுக்கு நடுவுல 2014-ல் சர்வதேசப் பாசன, வடிகால் ஆணையம் 'பாரம்பரியப் பாசனக் கட்டமைப்பு'ன்னு ஒரு பட்டியல் தொடங்கி, நூறு வருஷத்துக்கு மேல பழசான அணை, ஏரி, கால்வாய்களுக்கு அங்கீகாரம் தர ஆரம்பிச்சது. தென்கொரியாவின் குவாங்ஜு கூட்டத்துல அறிவிச்ச முதல் பட்டியல்லயே யமடா அணையும் கால்வாயும் சக்கரங்களும் சேர்ந்து இடம்பிடிச்சுது. அந்த வருஷம் ஜப்பானுக்கு மட்டும் ஒன்பது. இந்த ஆணையத்தோட தலைமையகம் எங்கேன்னு நினைக்கறீங்க? நம்ம டெல்லிதான், 1950-ல் ஆரம்பிச்சதிலிருந்து.

விருது எல்லாம் சரி. எனக்கு இந்த அணை மேல கிறுக்குப் பிடிச்சதுக்குக் காரணம் வேற ஒரு மனுஷன். இஞ்சினியர் கூட இல்லை, டாக்டர். நகமுரா தெட்சு.

1946-ல் ஃபுகுவோகாவில் பிறந்தவர். கியூஷு பல்கலைக்கழகத்துல மருத்துவம் படிச்சிட்டு 1984-ல் பாகிஸ்தானோட பெஷாவருக்குத் தொழுநோயாளிகளைப் பார்க்கப் போனார். அவருக்குப் பின்னாடி நின்ன ஜப்பானிய நண்பர்கள் அமைப்போட பேரே பெஷாவர்-காய். அங்கிருந்து எல்லை தாண்டி கிழக்கு ஆப்கானிஸ்தான் மலைக் கிராமங்கள்ல கிளினிக் தொடங்கினார். 2000-ல் அங்கே கொடும் வறட்சி. குழந்தைங்க வயித்துப்போக்குல சாகுது. மருந்து இருக்கு, நல்ல தண்ணி இல்லை, சாப்பாடு இல்லை. டாக்டர் கிணறு தோண்ட ஆரம்பிச்சார். தோண்டினது, தூர் எடுத்தது எல்லாம் சேர்த்து 1,600 கிணறுகள். நிலத்தடி நீரும் இறங்கிக்கிட்டே போச்சு. பக்கத்துல இந்துகுஷ் பனி உருகி ஓடி வர்ற குனார் ஆறு இருக்கு. அதுல இருந்து கால்வாய் வெட்டினாத்தான் ஊர் பிழைக்கும்னு முடிவுக்கு வந்தார். ஐம்பது வயசு தாண்டின டாக்டர், தன் பொண்ணோட ஹைஸ்கூல் கணக்குப் புத்தகத்தை வாங்கி வெச்சுக்கிட்டு ஆரம்பத்துல இருந்து படிச்சார். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சும் வீட்டுல ஃபியூஸ் போட ஆள் கூப்பிடற எனக்கு இந்த இடம் கொஞ்சம் உறுத்தல்தான்.

மார்வாரித் கால்வாய்ன்னு பேர். முத்துன்னு அர்த்தம். 2003 மார்ச் 19-ல் வேலை ஆரம்பிச்சது. உலகம் பூரா அந்த வாரம் ஈராக் போரை டிவியில பார்த்துக்கிட்டிருந்தது. சிக்கல் எங்கேன்னா, ஹோரிகவாவுக்கு வந்த அதே இடத்துல. தலைமதகுல. குனார் ஆறு கோடையில பனி உருகிப் பொங்கும், குளிர்காலத்துல வத்தும். வத்தின காலத்துல தண்ணி ஏறாது, பொங்கின காலத்துல கட்டினதையெல்லாம் அடிச்சிட்டுப் போகும். ஐரோப்பிய மாதிரி கான்கிரீட் அணை கட்டக் காசு இல்லை, இருந்தாலும் உடைஞ்சா அந்தக் கிராமத்துல யார் சரி பண்ணுவா?

விடுமுறைக்கு ஊருக்கு வந்தப்போதெல்லாம் அவர் கியூஷுவோட பழைய அணைகளைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். கரண்டு, சிமெண்ட், புல்டோசர் எதுவும் இல்லாத காலத்துல, இதே மாதிரி பொங்கி வத்துற ஆற்றுல, இருந்த கல்லை மட்டும் வெச்சு யாராவது கட்டியிருப்பாங்களேன்னு தேடினார். யமடா அணை கிடைச்சது. தண்ணிக்குப் பக்கத்துல நின்னு திரும்பத் திரும்பப் பார்த்து, கல் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, மணல் எங்கே போகுதுன்னு கத்துக்கிட்டுப் போனார். 1790-ல் ஒரு கிராமத்துத் தலைவர் செஞ்ச விடை, 2000-களில் நங்கர்ஹார் மாகாணத்துக்குப் போச்சு.

எடுத்த எடுப்புல சரியா வரல. முதல் சில வருஷம் ஆறு உடைக்க உடைக்கத் திரும்பக் கட்டினாங்க. மதகுல ரெண்டடுக்குப் பலகை போட்டு அடித்தண்ணியை மறிச்சு, மணல் இல்லாத மேல் தண்ணியை மட்டும் எடுக்கிற பழைய ஜப்பானிய முறையையும் வெச்சாங்க. கரைக்கு கான்கிரீட் சுவருக்குப் பதிலா கம்பிக்கூடைக்குள்ள கல் நிரப்பி அடுக்கி, பின்னாடி வில்லோ மரம் நட்டாங்க. வேர் கல்லுக்குள்ள புகுந்து பிடிச்சுக்கும். கல் அடுக்கறது அந்த ஊர்ல சின்னப்பசங்களுக்கும் தெரிஞ்ச வித்தை, வீட்டுச் சுவரெல்லாம் அவங்களே கட்டறவங்க. அவங்களுக்குச் சரிபண்ணத் தெரிஞ்ச பொருள்லதான் கட்டணும் என்கிறதுல நகமுரா பிடிவாதமா இருந்தார். 2008-ல் அவரோட வேலை பார்த்த ஒரு இளம் ஜப்பானியர் கடத்திக் கொல்லப்பட்டார். மத்த ஜப்பானியர்களை ஊருக்கு அனுப்பிட்டு இவர் மட்டும் தங்கினார். 2010 வாக்குல 25 கிலோமீட்டர் கால்வாய் கம்பெரி பாலைவனம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதுக்கப்புறம் காமா, கஷ்கோட், மிரான்னு ஆற்றோரமா வரிசையா அணைகள். இப்படி மொத்தமா 16,500 ஹெக்டேர், ஆறரை லட்சம் பேர் பிழைப்புன்னு அவங்க கணக்கு. பாலைவனமா இருந்த இடத்துல கோதுமை, ஆரஞ்சு, நெல்லு. அகதியா பாகிஸ்தான் போனவங்க திரும்பி வந்தாங்க. சம்பளத்துக்குத் துப்பாக்கி தூக்கப் போனவங்களும் மண்வெட்டி எடுத்தாங்க.

2019 அக்டோபர்ல ஆப்கான் அரசு அவருக்கு கௌரவக் குடியுரிமை கொடுத்தது. ரெண்டு மாசம் கூட ஆகல. டிசம்பர் 4-ம் தேதி காலையில ஜலாலாபாத்ல வேலைக்குப் போற வழியில காரை மறிச்சுச் சுட்டாங்க. டிரைவரும் பாதுகாவலர்களுமா கூட இருந்த அஞ்சு ஆப்கானியர்களும் செத்தாங்க. காபூல் விமான நிலையத்துல அவரோட பெட்டியை அதிபர் அஷ்ரப் கனியே தோள்ல தூக்கினார். 2021 ஆகஸ்ட்ல அந்த ஆட்சியே போயிடுச்சு, தாலிபான் வந்தாச்சு. 2022 அக்டோபர்ல, அதே ஜலாலாபாத்ல, தாலிபான் நிர்வாகத்துலயே அவர் பேர்ல ஒரு சதுக்கம் திறந்தாங்க. அரசியலை எப்படி வேணா படிச்சுக்கோங்க. கால்வாய்த் தண்ணி யார் ஆட்சியிலும் ஓடுது, அவர் பழக்கின ஆப்கான் ஆட்கள் அடுத்தடுத்த அணை வேலையைத் தொடர்ந்து பார்க்கிறாங்க.

யோசிச்சா ஒரு விஷயம் வேடிக்கையா இருக்கு. சிகுகோ ஆற்றுல மத்த எல்லா இடத்துலயும் செஞ்ச மாதிரி, யமடாவையும் இடிச்சுட்டு நேரா ஒரு கான்கிரீட் அணையும் இரும்பு ஷட்டரும் போட்டிருந்தா அசகுரா விவசாயிங்களுக்குப் பெரிசா எந்த நஷ்டமும் வந்திருக்காது. நகமுராவுக்குத்தான் பார்க்க ஒண்ணும் இருந்திருக்காது. படம், குறிப்பு இருந்திருக்கலாம். ஆனா வெள்ளத்துல கல் எப்படி நிக்குதுன்னு கரையில உட்கார்ந்து பார்க்கிறதுக்கு, ஓடிக்கிட்டிருக்கிற அணை ஒண்ணு வேணும்.

யாராவது ஃபுகுவோகா பக்கம் ஆன்சைட் போனீங்கன்னா ஜூன் 17-க்கும் அக்டோபர் நடுவுக்கும் இடையில போங்க, மத்த மாசத்துல சக்கரம் சும்மாத்தான் நிக்கும். சக்கரத்தோட திரும்பிடாம அணை வரைக்கும் போங்க. மதகுக்கு மேல இருக்கிற கோயில் மேட்டுல நின்னாத்தான் அந்தச் சாய்வு முழுசாத் தெரியும். குடை கட்டாயம். பஸ் அடிக்கடி கிடையாது, திரும்பி வர்ற பஸ் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வெச்சுக்கோங்க.